சிங்கப்பூர் கிட்டவா, திருவதிகை கிட்டவா?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூரில் எங்கள் வீட்டுக்கு மச்சான் வந்து இறங்கினார். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, சிதம்பரத்துக்காரர். உங்க வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருப்பாரே? வந்ததும் வராததுமாக, "மாமா, ஒங்க வீட்ல நெட்டு இருக்குல்ல? சிங்கப்பூர் எவ்ளோ தூரம்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

விஷயம் இதுதான். மச்சானின் மகளுக்கு ரெண்டு வரன். ஒருத்தர் சிங்கப்பூரில் இன்ஜினீயர். இன்னொருத்தருக்குப் பண்ருட்டி பக்கம் திருவதிகையில் சொந்தக் கடை. பெண்ணுக்கு சிங்கப்பூர்க்காரரைத்தான் பிடித்திருக்கிறது. அப்பாவுக்கோ திருவதிகை. "பொண்ணுன்னா நெனச்ச ஒடனே ஓடிப் போயி பாக்குற தூரத்துல இருக்கணும் மாமா" — இது அவர் கட்சி.

முதல் நாளே அந்தப் பெண் எனக்கு ரகசியமாக போன் போட்டிருந்தாள். "மாமா, எப்படியாவது அப்பாவ சரிக்கட்டுங்க. ஒங்களத்தான் நம்பியிருக்கேன்."

மோடம் கிர்ரென்று கத்தி ஓய்ந்து, ஒருவழியாகப் பக்கம் திறந்தது. சென்னையிலிருந்து சிங்கப்பூர், ஃப்ளைட்டில் நாலரை மணி நேரம் என்று போட்டிருந்தது. நான் சத்தமாகப் படித்தேன் — "நாலே மணி நேரம் மச்சான்."

அரை மணியை முழுங்கியது ஒரு பெண்ணின் வாழ்க்கைக்காகத்தானே… தப்பா?

மச்சான் விரலை மடக்கினார். "சிதம்பரத்துலேந்து மெட்ராஸ் ஆறு மணி நேரம். ஏர்போர்ட்டுல மூணு மணி நேரம் முன்னாடியே போயி குந்தணும். அங்க எறங்கி அவுங்க வீட்டுக்கு வேற போவணும். ஒரு நாளே பூடும் மாமா. புள்ளைக்கு ஜொரம்னா நான் எப்பிடி ஓடுவேன்?"

மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், பெத்தவர் பயம்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள், கையில் கரண்டியோடு.

"டேய், சிதம்பரத்துலேந்து கடலூர் எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம்க்கா. பஸ்ஸு நின்னு நின்னு வந்தா கொஞ்சம் ஜாஸ்தி…"

"என்னக் கட்டிக் குடுத்து இருவத்தஞ்சு வருஷம் ஆவுது. கல்யாணம், காதுகுத்துன்னு பத்திரிகை வெக்க வந்தத வுடு. சும்மா, அக்கா எப்பிடி இருக்கான்னு பாக்க எத்தன தடவ வந்த? போன வருஷம் டைபாய்டுல கெடந்தேனே, அப்ப வந்தியா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

"இன்னிக்குக்கூட மாமாவோட கம்ப்யூட்டரப் பாக்கத்தான வந்திருக்க?"

மத்தியானம் மீன் குழம்பு. மச்சான் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்: "சிங்கப்பூர் பையன் வீட்லயே பேசிடறேன் மாமா. திருவதிகையில குடுத்தா மட்டும் நான் ஓடிடவா போறேன்?"

அந்தப் பெண்ணுக்கு உடனே எஸ்.எம்.எஸ். தட்டினேன். வெற்றியை என் பேரில்தான் எழுதிக்கொண்டேன், பின்னே?

வாசலில் செருப்பு மாட்டும்போது மச்சான் தயங்கினார். "அடுத்த மாசம் சும்மாவே வரேன்க்கா."

"வா" என்றாள் என் மனைவி. "வழி தெரியலன்னா மாமாவ நெட்டுல பாத்துச் சொல்லச் சொல்றேன்."