குடவாசலில் ஹவில்தார் கொடுத்த அசோகா

குடவாசல் டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். முன்னாள் ராணுவக்காரரான கடைக்காரர் டீயோடு எல்லோருக்கும் அசோகா அல்வா கொடுக்கிறார். இலைத் துண்டில் நெய் ஒழுகுகிறது.

"என்னங்க விசேஷம்?"

"ஆப்பிரிக்காவுல ஒரு நாட்டுல அமைதிப்படையில இருந்தேங்க. எங்களோட நின்ன அந்த நாட்டுப் பட்டாளமே ஒரு ஊரைக் கொளுத்துச்சு. தலையிடக்கூடாதுன்னு எங்களுக்கு ஆர்டர். எங்க கேம்ப் கேட்டுக்கு வெளியே சனங்க கதறுது. நான் பூட்டைத் திறந்துட்டேன். விசாரணை வந்துச்சு, பிரமோஷன் போச்சு. ஹவில்தாராவே ரிட்டயர் ஆனேன்."

போனை நீட்டுகிறார். ஒரு கைக்குழந்தை கொட்டாவி விடுகிறது.

"அன்னைக்கு உள்ள ஓடிவந்த பொண்ணோட பிள்ளை. என் பேரை வச்சிருக்காங்க. கேம்ப்ல எல்லாரும் கூப்பிட்டதையே என் பேருன்னு நினைச்சுட்டாங்க."

"என்ன பேரு?"

"ஹவில்தார்!" கடையே சிரிக்கிறது. "அந்த ரேங்க் வாங்க எனக்குப் பதினஞ்சு வருஷம் ஆச்சுங்க. பய பிறக்கும்போதே வாங்கிட்டான்!"