அம்மா மடியில் மீன்காரர் கால்

அந்தச் சீனக் கிழவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாசிர் பெனம்பாங்கில் மீன் விற்றவர். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதியால் காலில் வந்த புண் ஆறாமல், வாரம் இரண்டு தடவை கட்டு மாற்ற வருவார். கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் அம்மா தாதி. பள்ளி விட்டதும், அப்பா லோரி ஓட்டும் வேலை முடித்து வரும்வரை, நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டும். எங்கே எழுதினேன்? கட்டுப்போடும் அறையின் கதவு எப்போதும் திறந்தேதான் இருக்கும்.

அம்மா மடியில் ஒரு துணியை விரித்து, கிழவரின் காலைத் தூக்கி அதில் வைத்துக்கொள்வார். புண் நாறும். அம்மா முகம் சுளித்ததே இல்லை. வலிக்கிறதா, கொஞ்சம் பொறுங்கள் என்று அவரிடம் மலாயில் கெஞ்சுவார். எனக்குத் தமிழில் கிடைக்காத குரல் அவருக்கு மலாயில் கிடைத்தது! வீட்டில் எனக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரை, "போய்ப் படு." அவ்வளவுதான் வைத்தியம்.

பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும்போது ஒருநாள் பொறுக்க முடியவில்லை. கிளினிக்கின் பின்பக்கம் போய், கால்வாய் ஓரத்துச் சிமெண்டில் முட்டியை வேண்டுமென்றே தேய்த்தேன். லேசாகச் சிராய்த்தால் போதும் என்றுதான் கணக்கு. அங்கே தகரம் நீட்டிக்கொண்டிருந்ததை யார் கண்டது? சதை பிளந்து, ரத்தம் காலுறைக்குள் இறங்கியது.

அப்போதும் அம்மாவிடம் ஓடவில்லை. மகளாக ஓடினால் ஏச்சுதானே கிடைக்கும்? நம்பர் சீட்டு எடுத்துக்கொண்டு நோயாளிகளோடு உட்கார்ந்தேன். எனக்கு அடுத்த நம்பர் கிழவருக்கு. அவரை முந்திவிட்டதில் ஒரு திருப்தி வேறு.

நம்பரைக் கூப்பிட்டபடி வந்த அம்மா என் முட்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எங்கடா கண்ணு விழுந்த?"

அதே குரல். எனக்கு வலியே மறந்துபோனது. உள்ளே தூக்கிப்போய், என் காலை மடியில் வைத்துக்கொண்டார். பஞ்சை எடுத்தார், கீழே விழுந்தது. இன்னொன்று எடுத்தார், அதுவும் விழுந்தது. விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. சட்டென்று என் காலை இறக்கிவிட்டு, பக்கத்து அறையிலிருந்த மலாய்த் தாதியைக் கூப்பிட்டார். என்னால் முடியவில்லை, நீங்கள் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

தையல் போடும்போது நான் ஊரைக் கூட்டி அழுதேன். வலியால் என்று எல்லாரும் நினைத்தார்கள். வலி என்ன பெரிய வலி? அம்மா என்னை இன்னொருவர் கையில் தள்ளிவிட்டுப் போனதுதான் பொறுக்கவில்லை.

நான் நொண்டிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தபோது, அம்மா முகம் கழுவிவிட்டு அறைக்குள் போனார். கிழவரின் கால் மடியில் ஏறியது. கட்டுப் பிரித்தார், புண்ணைத் துடைத்தார், மருந்து வைத்தார். கை துளிகூட நடுங்கவில்லை.

அன்று அப்பாவின் லோரியில் வீடு திரும்பும்போது அம்மா என்னை அணைத்துக்கொள்ள வந்தார்; நான் தள்ளி உட்கார்ந்தேன். யார் யார் காலுக்கோ நடுங்காத கை என் காலைத் தொட்டதும் நடுங்குகிறதே. இவருக்கு என்னைக் கொஞ்சமும் பிடிக்காது என்று முடிவே கட்டிவிட்டேன்.