வயலில் கான் வெட்டிய வீரபாகு

மலையகத்துப் பண்டாரவளையில் வீரபாகுவைத் தெரியாதவர்கள் குறைவு. அடைமழைக்குக் கடைவீதிக்குள் வெள்ளம் புகுந்தால் முதலாளிமார் அவனைத் தேடித்தான் ஆளனுப்புவார்கள். கான் வெட்டுவதில், அதாவது தேயிலைச் சரிவில் மழைநீர் தேங்காமல் ஓட வழி வெட்டுவதில், அவனுக்கு நிகர் அவன்தான். இதை அவனுடைய அக்கா சுப்பம்மாவே துணுக்காய்ச் சந்தையில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மார்கழியில், சொன்ன வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்கு வந்த நாள் முதல் வீரபாகு புளியங்குளத்தில் ஒரு மர ஆலையில் வேலைக்கு நின்றான். ஆலை மூடிய பிறகு அக்காவிடம் வந்து சேர்ந்தான். அவள் குடியிருந்த கொட்டில் சிற்றம்பலத்தின் வயலோரத்தில் இருந்தது. வயலைப் பார்த்துக்கொள்ளும் வரை குடியிருக்கலாம் என்பது பேச்சு. அந்தப் போகம் தம்பி பார்க்கட்டும் என்று விட்டாள். அதுதான் அவள் செய்த புத்திகெட்ட வேலை.

அன்று காலையில் சிற்றம்பலம் யூரியா வீசிவிட்டு, "தண்ணியைப் பார்த்துக்கொள்" என்று சொல்லி மல்லாவிக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது வயலில் வெறும் சேறுதான் கிடந்தது.

"பாத்தேங்க ஐயா. தண்ணி நின்னுச்சு. வேர் அழுகிருமேன்னு வரம்ப வெட்டிக் கான் இழுத்து விட்டேன்" என்றான் வீரபாகு.

"நெல்லடா இது! தேயிலையே?" சிற்றம்பலம் தலையில் கைவைத்தார். "உரமெல்லாம் தண்ணியோட போட்டுது. இந்தத் தடைக்குள்ள வவுனியாவிலயிருந்து ஒரு மூட்டை கொண்டுவர நான் பட்ட பாடு தெரியுமே உனக்கு?"

"கான் எப்பிடி ஓடுது பாத்தீங்களா?"

சிற்றம்பலம் அவனோடு பேச்சை விட்டுவிட்டுச் சுப்பம்மாவைப் பார்த்தார். "கொட்டிலைப் பிரிச்சுக்கொண்டு ரெண்டு பேரும் போங்கோ. இனி என்னால ஏலாது."

மார்கழி மழையில் எங்கே போவது? "ஒன்னச் சொல்லிக் குத்தமில்ல, ஊரெல்லாம் ஒன் பெருமைய பேசினேன் பாரு, என்னயச் சொல்லணும்" என்று தம்பியைத் திட்டிக்கொண்டே அவள் கானின் வழியே நடந்தாள். அது வளையாமல், ஒழுகாமல், நேரே கீழ் வயலில் போய் விழுந்தது. அந்த வயலின் சொந்தக்காரி விமலேஸ்வரி வரம்பில் நின்று, எங்கிருந்து இவ்வளவு தண்ணீர் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உரம் போட்டுட்டீங்களா?"

"இல்லை, நாளைக்குத்தான் போடப்போறன். ஏன் கேக்கிறாய்?"

"போடாதீங்க. போட்டாச்சு."

"ஆர் போட்டது?"

"என் தம்பி."

கதையைக் கேட்டு விமலேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்கு ஈடாக அவளிடம் இருந்த யூரியா மூட்டையைச் சுப்பம்மா கேட்டதும் சிரிப்பு நின்றது. "தண்ணியோட எவ்வளவு உரம் வந்ததெண்டு ஆர் கண்டது? அரை மூட்டை தாறன்."

"அரை மூட்டையா? வெட்டினவன் யாருன்னு நெனச்சீங்க? அவன் கான்ல ஒரு சொட்டு வெளிய போவாது. வாங்க, நீங்களே நடந்து பாருங்க!"

எரிச்சலில் தொடங்கிய பேச்சு, முடியும்போது பழைய பெருமையாகிவிட்டது. விமலேஸ்வரி கான் நெடுகக் குனிந்து பார்த்தாள். ஓரத்தில் எங்கும் தண்ணீர் கசிந்திருக்கவில்லை. முக்கால் மூட்டைக்கு ஒத்துக்கொண்டாள்.

மூட்டையைக் கண்ட சிற்றம்பலம் முணுமுணுத்தார், ஆனால் வாங்கிக்கொண்டார். "சரி, இருங்கோ. ஆனா இனி வயலை நீதான் பாக்கவேணும் சுப்பம்மா. உவன்ர காலடி என்ர வரம்பில படக்கூடாது."

மறுநாள் சுப்பம்மா முழங்கால் சேற்றில் நின்று, வெட்டிய வரம்பை அடைத்துக்கொண்டிருந்தாள். வீரபாகு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பாதையால் போனான். விமலேஸ்வரியின் முற்றத்தில் மழைத்தண்ணீர் நிற்கிறதாம், கான் வெட்டக் கூப்பிட்டிருக்கிறாளாம்.

"அக்கா, பகலைக்கு என்ன சமைக்கப் போற?" என்று கேட்டான்.

சுப்பம்மா கையிலிருந்த சேற்றுக்கட்டியை வரம்பில் ஓங்கி அறைந்தாள்.