பங்களா ஸ்கூட்டரின் இரண்டு சீல்கள்

கொடகவெலவில் நான் கராஜ் வைத்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. பழைய ஸ்கூட்டர் வேலை பழகும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். ஒயில் சீல் பற்றியும் இதில் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தது பற்றியும் இருக்கிறது.

1. பெயின்ட்

றக்வான பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே பழைய வெள்ளைக்காரத் துரை பங்களாவை உல்லாசப் பயணிகள் தங்கும் இடமாக மாற்றினார்கள். ஸ்டோரில் சாக்குகளுக்கு அடியில் கிடந்த ஒரு இத்தாலி ஸ்கூட்டர் அப்போதுதான் மேனேஜர் கண்ணில் பட்டது. திறப்பு விழாவில், கொழும்பிலிருந்து வரும் டைரக்டருக்கு முன்னால் அது ஓட வேண்டும் என்று அவருக்கு ஆசை. தோட்டத்து லொறியும் டிராக்டரும் என்னிடம்தான் வேலைக்கு வரும். இதுவும் வந்தது.

வரும்போதே பெயின்ட் அடித்து முடித்திருந்தார்கள். வெண்ணெய் நிறம். சீட்டும் கண்ணாடியும் புதுசு. இஞ்சினை மட்டும் யாரும் தொடவில்லை. மூன்றாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. எழும்பிய வெள்ளைப் புகையில் எதிரே இருந்த பேக்கரி மறைந்தது. டெங்குக் கொசுவுக்குப் புகை அடிக்கிறார்கள் என்று நினைத்து பேக்கரிக்காரர் ஓடிவந்து பாண் ரொட்டியை எல்லாம் மூடினார். எக்ஸிலேட்டரை விட்டேன். சத்தம் இறங்கவில்லை, ஏறியது. பிளக் வயரைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன்.

இந்த டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் கிராங் தண்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரப்பர் சீல் உண்டு. கிளட்ச் பக்கத்து சீல் போனால் இஞ்சின் கியர் ஒயிலை உறிஞ்சிக் குடித்து வெள்ளைப் புகை விடும். மெக்னட், அதாவது பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் சக்கரம், இருக்கும் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்றை இழுத்து, எக்ஸிலேட்டரை மூடினாலும் தானாக வேகம் எடுக்கும். கார்பரேட்டரை எத்தனை தடவை கழற்றிப் பூட்டினாலும் பிரயோசனம் இல்லை. இதில் இரண்டுமே போயிருந்தன.

"சேர், ரெண்டு சீலும் மாத்தணுங்க. கொழும்பில இருந்து எடுக்கணும். ஒரு கெழம ஆகும்" என்றேன்.

மேனேஜர் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். மெக்கானிக் என்பதால் என்னை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார். "பாஸ், ஃபங்ஷனுக்கு ரெண்டு நாள்தானே இருக்கு. அந்த சீல் வெளியில தெரியுமா?"

"தெரியாதுங்க. உள்ளுக்குத்தான் இருக்கும்."

"ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "அப்ப என்ன அவசரம்? பெறகு பாப்போம்."

கையோடு கொண்டுவந்திருந்த, டைப் அடித்த ஒரு கடிதத்தை நீட்டினார். வாகனம் ஓட்டுவதற்கு நல்ல நிலையில் இருக்கிறது என்று நான் சொல்வதாக எழுதியிருந்தது. "ஃபைலுக்குத்தான் பாஸ். யாரும் வாசிக்க மாட்டாங்க."

தோட்டத்து வேலை கையை விட்டுப் போய்விடுமே என்று பயந்தேன். பங்களா கேட்டிலிருந்து வாசல் வரைதானே ஓடப்போகிறது என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டு கையெழுத்து வைத்தேன்.

2. தொப்பி

மேனேஜர்தான் ஓட்டப்போகிறார் என்று நினைத்திருந்தேன். விழாவுக்குப் போனால் கேட்டடியில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு செல்வம் நின்றான். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியின் டிரைவர். காக்கி அரைக்காற்சட்டை, முழங்கால் வரை வெள்ளைச் சாக்ஸ், தலையில் பெரிய தொப்பி. வெள்ளைக்காரத் துரை வேஷம்.

"என்னப்பா இது கோலம்?"

"தொரையாயிட்டேன் அண்ணே. பின்னேரம் அஞ்சு மணி வரைக்கும்."

"இஞ்சின் கத்துச்சுன்னா ஹேண்டில்ல இருக்கிற பட்டன அமத்து. நின்னுரும்" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. சுற்றிலும் ஆபீஸ்காரர்கள் நின்றார்கள்.

டைரக்டர் மாலையோடு படியில் நின்றார். பேண்ட் வாத்தியம் தொடங்கியது. செல்வம் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தபடி வந்தான். பாதி வழியில் இஞ்சின் அலற ஆரம்பித்தது. அவன் எக்ஸிலேட்டரை மூடினான்; வேகம் கூடியது. பட்டனை அமத்தினான், அது அசையவில்லை. பெயின்ட் அடித்தவர் அதையும் சேர்த்து அழகாக அடித்து ஒட்டிவிட்டிருந்தார். கையில் பிடிக்கும் கிளட்ச் அந்தப் பதற்றத்தில் லொறிக்காரனுக்கு நினைவு வரவில்லை. பிரேக்குக்கும் வண்டி அடங்கவில்லை. நேரே போனால் படியில் நிற்கும் ஆட்கள். செல்வம் ஹேண்டிலை ஒடித்துத் திருப்பி, வழியோரம் கல் கட்டிய வடிகால் கானுக்குள் விழுந்தான். வலக்கை முறிந்தது.

நான் கானுக்கு ஓடினேன். அப்போது புகைக்குள்ளிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று டைரக்டர் நினைத்துவிட்டார்.

3. விசாரணை

செல்வத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். குற்றம்: கவனயீனம். விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஒரு மேடம் வந்தார். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் என் கடிதத்துக்கு நாலு பிரதி கிடந்தது. யாரும் வாசிக்க மாட்டார்கள் என்று மேனேஜர் சொன்ன அதை அன்றைக்கு எல்லாரும் வாசித்திருந்தார்கள்.

மாவுக்கட்டோடு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த செல்வம் கேட்டான்: "அண்ணே, வண்டி நல்ல வண்டின்னு நீங்க எழுதிக் குடுத்தீங்களாம். நெசமா?"

"ஆமாப்பா" என்றேன். அவன் அதற்கு மேல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே போய், ஸ்கூட்டரை விறாந்தைக்குக் கொண்டுவரச் சொன்னேன். மேடமும் மேனேஜரும் பார்த்துக்கொண்டிருக்க மெக்னட்டைக் கழற்றி அந்தப் பக்கத்து சீலை எடுத்தேன். பிறகு கிளட்சைக் கழற்றி மற்றதையும் எடுத்தேன். வருஷக்கணக்காகச் சும்மா கிடந்து காய்ந்த ரப்பர். விரலால் வளைத்ததும் பிஸ்கட் மாதிரி உடைந்தது. ஃபைலின் மேல் வைத்தேன்.

"இவ்வளவு சின்னதா?" என்றார் மேடம்.

"சின்னதுதாங்க மேடம். ரெண்டும் போயிருச்சுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் கையெழுத்து வச்சேன். இந்தத் தம்பிகிட்டயும் சொல்லல."

மேனேஜர் எழும்பினார். "பாஸ் சொல்லியிருந்தா நான் நிப்பாட்டியிருப்பேனே!"

"சொன்னேன் சேர். வெளியில தெரியுமான்னு கேட்டீங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை முடிவு வந்தது. செல்வத்துக்கு மறுபடி வேலை. விபத்துக்குக் காரணம், "ரப்பர் வளையங்களின் வயது முதிர்வு." மனிதர் ஒருவருமே குற்றவாளி இல்லை. எனக்கு ஒரு கடிதம் தனியாக வந்தது: தோட்டத்து வாகனங்கள் இனி உங்கள் கராஜுக்கு அனுப்பப்பட மாட்டா. ஸ்கூட்டர் இப்போது பங்களா முன் ஹாலில் நிற்கிறது, சீல் இல்லாமலே. பயணிகள் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள்.

4. கடைசியாக

ஒரு சீல் போயிருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். சீல் உட்காரும் இடத்தில் கிராங்கை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் ஒழுகும். சீலின் உள் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, நேராக அமத்துங்கள். ஸ்க்ரூ டிரைவரால் குத்தித் தள்ள வேண்டாம்.

மாவுக்கட்டு எடுத்த பிறகு செல்வம் ஒருநாள் கராஜுக்கு வந்தான். தேத்தண்ணி குடித்தான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அன்னைக்கே சொல்லியிருந்தா, தொப்பியப் போட்டுக்கிட்டு வண்டியத் தள்ளிக்கிட்டே போயிருப்பேன் அண்ணே. அதுக்கும் கைதட்டியிருப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய மணிக்கட்டு இன்றைக்கும் முழுதாகத் திரும்பாது. அந்தக் கையோடுதான் லொறி ஓட்டுகிறான். நான் பிழையை மேனேஜரிடம் சொன்னேன், கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். தம்பிமாரே, அது போதாது. ஏறி ஓட்டப்போகிறவன் யார் என்று கேட்டு, அவனிடம் சொல்லுங்கள்.