கணக்கில் வராத கஞ்சி

எங்கள் அடுத்த வீட்டுச் சங்கரிக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். கொச்சியில் மட்டாஞ்சேரி லாட்ஜ் ஒன்றில் பதினோரு வருஷம் அறை துடைத்துப் படுக்கை விரித்தவள், முப்பத்தைந்து வயதில் நர்சிங் உதவியாளர் படிப்பில் சேரப்போகிறேன் என்றபோது நான் வாய்விட்டே சிரித்தேன். பூர்வீகம் தேனிப் பக்கம்; பிறந்தது சுள்ளிக்கல்லில், பத்தாவது படித்தது மலையாளத்தில். அந்தப் பத்தாவதே போதும் என்று விசாரித்துவிட்டுத்தான் என்னிடம் வந்து சொன்னாள்.

ஆறு மாதப் படிப்பு. கடைசி இரண்டு மாதம் பள்ளுருத்திப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை வார்டில் பயிற்சி. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, உடம்பு துடைப்பது, பெட்பேன் வைப்பது, எதற்கும் அவள் முகம் சுளிக்கவில்லை. வார்டுக்குப் பொறுப்பான சுபாஷிணி சிஸ்டர் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். அது கிடைத்தால் அங்கேயே வேலை என்று பேச்சு. லாட்ஜ் முதலாளியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்ததால், திரும்பிப் போகவும் முகமில்லை.

கையெழுத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கமலாக்ஷியம்மாவை அவள் பொறுப்பில் விட்டார்கள். இதய நோயாளி. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே போகக் கூடாது. தண்ணீர், சாயா, மாத்திரைக்குக் குடிக்கிற மடக்கு, எல்லாவற்றையும் கட்டிலில் தொங்கும் தாளில் எழுத வேண்டும். சங்கரி ஒரு மடக்கு விடாமல் எழுதினாள்.

மூன்றாம் நாள் காலை எடை பார்த்தால் இரண்டு கிலோ கூடியிருந்தது. கால் வீங்கியிருந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார். எல்லா நாளும் ஒரு லிட்டருக்குள்தான். அப்படியென்றால் நீர் இறக்கும் மாத்திரை போதவில்லை, கூட்டிவிடலாம் என்று பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் சங்கரியின் கண் கட்டிலோரத்துக் கஞ்சிக் கிண்ணத்தில் விழுந்தது. நாளுக்கு நாலு கிண்ணம் கொடுத்திருந்தாள். ஒன்றையும் எழுதவில்லை. எங்கள் ஆட்களுக்குக் கஞ்சி, குடித்தாலும் சாப்பாடுதான். சாப்பாட்டை யார் தண்ணீர்க் கணக்கில் எழுதுவார்கள்? நானும் எழுதியிருக்க மாட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. நானாக இருந்தால் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன், உள்ளதைச் சொல்கிறேன்.

“டாக்டரே, மருந்து கூட்ட வேண்டா. தப்பு என்னோடதாக்கும். கஞ்சி குடுத்தத நான் எழுதல. சாப்பாடுன்னு நெனச்சு விட்டுட்டேன்.”

டாக்டர் எவ்வளவு என்று கேட்டார். சொன்னாள். அவர் பேனாவை மூடிவிட்டுச் சிஸ்டரைப் பார்த்தார்.

“பாவம், அவள ஒண்ணும் பறயண்டா. நானாக்கும் கஞ்சி கேட்டது,” என்று பரிந்து பேசினார் கமலாக்ஷியம்மா.

சிஸ்டர் சங்கரியைத் தனியே அழைத்துப்போனார். “இந்தத் தடவ கையெழுத்து போடமாட்டேன். அடுத்த பேட்ச் முடியறவரைக்கும், இன்னும் ரெண்டு மாசம், வார்டுல நிக்கணும்.”

சங்கரி, ரெண்டு மாதம் வீட்டில் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டே வாசல்வரை போனாளாம். சிஸ்டர் கூப்பிட்டார்.

“எங்க போற? கமலாக்ஷியம்மாவுக்கு இன்னைக்குப் புதுத் தாள் வைக்கணும். இனிமே அத நீ மட்டும் எழுதினா போதும். வேற ஆரும் தொட வேண்டா.”