பத்தொன்பது ஆண்டு வருகையாளர்

தனபாலன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய மேலாளர். "ஆன்டி, தனபாலன் அங்கிள் நேத்து தவறிட்டாரு. அவரோட நோட்டு உங்ககிட்டதானே இருக்கு?" இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே அந்த இளைஞர் மூச்சுக்கூட விடவில்லை.

தனபாலனை அறிந்தவர்கள் அந்த நோட்டையும் அறிவார்கள். மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் எங்கள் நிறுவனத்தின் பழைய கணினி முறையை, தொழிலாளர் சம்பளத்தில் வரி பிடிக்கும் முறையை, பராமரித்தவர் அவர். ஓய்வுபெறும்வரை நான் வரிப் பிரிவில் இருந்தேன். விதி மாறும்போதெல்லாம் நான் எழுதிக் கொடுப்பேன். அவர் புரோகிராமை மாற்றுவார். பழைய விதியை அழிக்க மாட்டார். நிறுத்தி வைத்து, விதியையும் மாறிய காரணத்தையும் தம் நோட்டில் குறிப்பார். "பழைய வருசத்தக் கேட்டு யாராச்சும் வருவாங்க லா, அக்கா." கான்வென்டில் படித்த நான் அந்தக் குறிப்புகளில் பிழை திருத்துவேன். என்னைக் கண்டதும், "கான்வென்ட் அக்கா வராங்க, நிமிர்ந்து உக்காருங்க" என்பார்.

ஒப்பந்த ஊழியர் என்பதால் பத்தொன்பது ஆண்டுகளும் வருகையாளர் அட்டையோடுதான் உள்ளே வந்தார். புரோகிராமில் தம் பெயரைப் போட அனுமதியில்லை; ஆண்டு விருந்துக்கும் அழைப்பில்லை. "தெனமும் விருந்தாளிதான் அக்கா. சாப்பாடுதான் போட மாட்டாங்க."

ஒருமுறை இந்த மேலாளர், பயன்படாதவை என்று பழைய விதிகளையெல்லாம் நீக்கச் செய்தார். அடுத்த மாதமே ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர் ஒருவர் பழைய ஆண்டு வரியைப் பற்றி வரித்துறை அனுப்பிய கடிதத்தோடு வந்து நின்றார். கணினியில் பதில் இல்லை. தனபாலன் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு விதியாகத் திரும்ப எழுதினார். அதற்கான பாராட்டுச் சான்றிதழ் மேலாளருக்குப் போனது. அவர் அதைச் சட்டமிட்டு மாட்டிக்கொண்டார்.

உடல் தளர்ந்தபோது பிரிக்பீல்ட்சில் என் வீட்டுக்கு வந்து நோட்டைக் கொடுத்தார். "உங்ககிட்ட இருந்தா ஒரு பக்கம்கூடக் காணாமப் போவாது."

கிள்ளானில் தனபாலன் வீட்டில், உடலை எடுப்பதற்கு முன்பே மேலாளர் என்னிடம் வந்துவிட்டார்.

"ஆன்டி, நோட்டு அர்ஜெண்ட். காரணமெல்லாம் அதுலதான் இருக்கு."

"மொதல்ல அவரு மனைவிகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க தம்பி. அப்புறம் புரோகிராமில அவரு பேரை ஏத்துங்க. ஏத்திட்டு வாங்க."

"கொன்ட்ராக்ட் ஸ்டாஃப் பேரு போட முடியாது ஆன்டி. பாலிசி."

"அப்ப நோட்டும் வராது. இது என் பாலிசி."

பழைய ஆண்டின் வரியைக் கேட்டு வரும் தொழிலாளர்களிடம் மட்டும் என் தொலைபேசி எண்ணைக் கொடுக்கும்படி வரிப் பிரிவில் சொல்லி வைத்தேன். பழையதைக் கேட்டு ஆள் வரும் என்று ஆயத்தமாக இருப்பது தனபாலனிடமிருந்து எனக்கு வந்த பழக்கம்.

நேற்று ஒருவர் அழைத்தார். நோட்டைத் திறந்து படித்துச் சொன்னேன். யார் எழுதியது என்று கேட்டார். பெயரைச் சொன்னேன்.