எங்கே போகிறாய் என்று கேட்காத வீடு

கடலுக்குக் கிளம்புகிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று எங்கள் ராமேஸ்வரம் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டோம். கேட்டால் போகிற காரியம் விளங்காது. வாய் தவறிக் கேட்டுவிட்டால், கிளம்பினவர் திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். என் மதினி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, இதில் படு கறார். தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு வாயை இறுக மூடிக்கொள்வாள்.

எழுபத்து நாலில் கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்தபோது நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீரில் கோடு போட்டால் நிற்குமா என்று சிரித்தோம். வலை காயப்போட அண்ணன் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தான். பிறகு அக்கரையில் தமிழர்களை அடித்து, வீடுகளைக் கொளுத்தினார்கள். அங்கத்துப் பையன்கள் துப்பாக்கி எடுத்தார்கள். அவர்கள் படகில் இங்கேயும் அங்கேயும் வந்து போக, இலங்கை ரோந்துக் கப்பல்காரனுக்கு எந்தப் படகைக் கண்டாலும் சந்தேகம். மீன் பிடிக்கிறவனும் ஒன்று, சண்டைக்காரனும் ஒன்று. யாரோ போட்ட சண்டைக்கு எங்கள் ஆட்கள் குண்டடி பட்டார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கடலில் சுட ஆரம்பித்த பிறகு மதினி இன்னும் பயந்துபோனாள். அண்ணன் வலையைத் தூக்கினாலே அடுப்படிக்குள் போய்விடுவாள், எங்கே வாய் தவறிக் கேட்டுவிடுவோமோ என்று.

அப்படி ஒரு நாள் அண்ணனும் அவன் கூட்டாளியும் வல்லத்தில் கடலுக்குப் போனார்கள். சூட்டுக்குப் பயந்து மற்றவர்கள் யாரும் அன்றைக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் கரைக்கு வர வேண்டியவர்கள் வரவில்லை. மத்தியானம் வரை பார்த்துவிட்டு, மதினியைக் கூட்டிக்கொண்டு மீன்துறை ஆபீசுக்கு ஓடினேன்.

“எந்தப் பக்கம் போனாங்க? கச்சத்தீவுப் பக்கமா, தனுஷ்கோடிப் பக்கமா?” என்றார் அங்கே இருந்த அதிகாரி.

“தெரியலங்கய்யா,” என்றாள் மதினி.

“புருஷன் எங்க போறான்னுகூடக் கேக்க மாட்டியாம்மா?”

“கேக்கக் கூடாதுங்கய்யா…” என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! “இவ கேட்டிருந்தா மட்டும் சுட மாட்டாய்ங்களா? போயித் தேடுங்கய்யா மொதல்ல!” என்று கத்தினேன். கூட்டாளியின் மனைவிக்கும் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் முதலில் தனுஷ்கோடிப் பக்கம் தேடினார்கள், அங்கே போனால் உயிரோடு திரும்பலாம் என்பதால். கச்சத்தீவுப் பக்கம் போவதற்குள் காற்று மாறிவிட்டது. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

பிறகு அக்கரையிலிருந்து அகதிகள் வந்து இறங்க இறங்க, மதினி மண்டபம் முகாமுக்குப் போய் அண்ணன் போட்டோவைக் காட்டிக் கேட்பாள். யாரோ ஒருவர், “இப்பிடி ஒராளை அங்க ஜெயில்ல கண்ட மாதிரிக் கிடக்கு” என்று சொல்லிவிட்டார். நிஜமாகவே பார்த்தாரோ, ஆறுதலுக்குச் சொன்னாரோ, பாவி மனுஷன்! அதைப் பிடித்துக்கொண்டு மதினி பூவும் பொட்டுமாகவே இருந்தாள். ஊரில் யாராவது ஜாடை பேசினால் நான்தான் சண்டைக்குப் போவேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். செத்துப்போன சனங்களை நினைத்து வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம். மதினி மட்டும் எழுந்து போய் முகம் கழுவி, நரைத்த தலையைச் சீவிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

“சண்டைதான் முடிஞ்சு போச்சுல்ல,” என்றாள் என்னிடம். “இனி ஜெயிலத் தொறந்து விட்ருவாய்ங்கள்ல?”